ஜம்பைக் குன்றும் அறவெற்றியும்



அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டையைத் தன்னகத்தே கொண்டது கள்ளக்குறிச்சி மாவட்டம். அம்மாவட்டத்திலேயே, திருக்கோவலூருக்கு மேற்கே, ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றின் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டொன்றைத் தொல்லியல் துறையினர் 1981ஆம் ஆண்டு கண்டறிந்தனர். 'சதியபுதோ' அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பாழி இது என்பதே அதன் பொருள். பாழி என்பது துறவியர் உறையும் இடம்.

அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் குறிப்பிடுகின்றன. அவர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். அதியமான் மரபினரே அவர் என்பதை ஜம்பைக் குன்று தெளிவுபடுத்தியது.

அந்தச் சதியபுத்திரர் நாட்டிற்கு மௌரியப் பேரரசிலிருந்து வந்தது யாது? கலிங்கப் போரில் ஒரு இலட்சம் பேர் மாண்டனர். ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். இவற்றைத் தமது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அசோகரே அறிவித்து வருந்துகிறார். அறத்தால் பெறும் வெற்றியே மேலான வெற்றி என்றும் அங்கே உரைக்கிறார். அதன்பின் தென்னாட்டின்மீது அவர் படை செலுத்தியதாகச் செய்தி இல்லை. மாறாக, மக்களுக்கும் விலங்குகளுக்கும் உரிய மருத்துவ ஏற்பாடு தமிழ் மன்னர் நாடுகளிலும் இலங்கையிலும் யவன மன்னன் அந்தியோகன் நாட்டிலும் செய்யப்பட்டதென இரண்டாம் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொணர்ந்து நடப்பெற்றன. வழிகளில் கிணறுகள் தோண்டப்பெற்றன. விலங்கின் நோயையும் எண்ணிய அவ்வாட்சி, அகிம்சையைப் போற்றும் சமணர்க்கு அயலானதன்று.

அதியமானும் போர் வேந்தனே. அவன் கோவலூரை வென்றதைச் சங்கப் பாடல் பேசுகிறது. எனினும் அக்கோவலூருக்கு அணித்தான குன்றில் அவன் பெயரால் நிலைத்திருப்பது வெற்றிச் செய்தியன்று, ஈகைச் செய்தியே. அசோகருக்குப் பல தலைமுறை பிற்பட்ட அவ்வேந்தன், அசோகர் கல்லில் பொறித்த அதே பெயரைத் தன் பெயருக்கு முன் தாங்கி நிற்கிறான்.

இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தல் வாய்மையாகாது. போருக்கு வருந்திய அதே கல்வெட்டில், தம் ஆட்சிக்கு உட்பட்ட காட்டுவாழ் மக்களை நோக்கி, தம் வலிமையை நினைவூட்டி எச்சரிக்கவும் செய்கிறார் அசோகர். எல்லைக்கு அப்பால் மருந்து அனுப்பிய அரசு, எல்லைக்குள் வாழ்ந்த எளியோரிடம் அச்சத்தையும் கருவியாகக் கொண்டது. அயல்நாட்டார் ஒரு நாட்டை மதிப்பது அதன் அறிவுரைகளைக் கேட்டன்று. அது தன் கடைக்கோடி மக்களை நடத்தும் முறையைக் கண்டே.

1950 சனவரி 26ஆம் நாள் சாரநாத்தின் சிங்கத் தூண் இந்தியக் குடியரசின் சின்னமாயிற்று. அச்சின்னத்தின் பெருமை உலக அரங்குகளில் மட்டும் அளக்கப்படுவதன்று. ஜம்பைக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையின் சிற்றூர்களுக்குச் சாலையும் மருத்துவமும் தடையின்றி எட்டுகின்றனவா என்பதிலும் அளக்கப்படும். இல்லறத்தார் தம் இல்லத்தில் காத்த நோன்பே ஊருக்கு வழிகாட்டும். நாட்டிற்கும் நெறி அதுவே.

அறம் வெல்க!