வாய்தாவும் நம் கடமையும்



நிலவழக்கில் சம்மன் வரக்கண்டு அஞ்சி ஒதுங்குவோர் நம்மிடையே உளர். அவ்வச்சமே ஒருதலைத் தீர்ப்புக்கு வழிவகுக்கிறது. உரிமையியல் நீதிபதி வழக்கறிஞரிடம் எதிர்பார்ப்பது சொல்வன்மையை மட்டுமன்று; காலந்தவறாமையையும் ஆவணத்தையுமே.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, சம்மன் பெற்ற 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்தல் வேண்டும். நீதிமன்றம் இசைந்தால் 90 நாட்கள் வரை நீளும். ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடினும், தக்க காரணங்காட்டி 30 நாட்களுக்குள் அதனை நீக்கக் கோரலாம்.

வழக்கறிஞருக்குப் பொருளில்லையே எனக் கலங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், பட்டியலினத்தார்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளித்துள்ளது. புதுக்கோட்டையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுவோம்.

பட்டா, பத்திரம், வரி ரசீது பேணுவோம். நம் பிள்ளைகள் சட்டம் பயில்க! வாய்தா நாளில் பெயர் அழைக்கப்படுங்கால், நாம் எழுந்து நிற்போமாக!