எதை நினைவில் வைப்பது? முதுமையும் கவனமும்

முதுமையில் இயல்பாக வரும் மறதிக்கும் டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கும் இடைப்பட்ட நிலைதான் லேசான அறிதிறன் குறைபாடு. ஞாபகமோ கவனமோ வயதுக்கு மீறித் தளர்ந்திருக்கும். ஆனாலும் சமையல், கடைகண்ணி, வரவு செலவு எல்லாம் பெரும்பாலும் தடையின்றி நடக்கும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 60 முதல் 64 வயதுள்ளவர்களில் 6.7 சதவீதத்தினருக்கு இது உண்டு. 80 முதல் 84 வயதில் அது 25.2 சதவீதம்.

காதில் விழுவதையெல்லாம் யாராலும் நினைவில் வைக்க முடியாது. முக்கியமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே நல்ல ஞாபகத்தின் இலக்கணம். இதை அளக்க உளவியலாளர் ஆலன் காஸ்டெல் குழுவினர் ஒரு சோதனையைக் கையாண்டனர். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண். நினைவிலிருந்து சொல்லும் சொற்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் வருவதே ஒருவரின் கணக்கு. 2002இல் வெளியான ஆய்வில், முதியவர்கள் சொன்ன சொற்கள் இளைஞர்களைவிடக் குறைவு. ஆனால் அதிக மதிப்பெண் கொண்ட சொற்களை அவர்கள் விட்டுவிடவில்லை. அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களிடம் இந்தத் தேர்வுத் திறன் குறைந்திருப்பதை 2009இல் வந்த ஆய்வு காட்டியது.

லேசான அறிதிறன் குறைபாட்டில் சிக்கல் இரண்டு இடங்களில் எழலாம். புதிய செய்தியைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதி தளர்ந்தால், கவனித்துக் கேட்டதும் தங்காது. எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்று முடிவுசெய்யும் மூளையின் முன்மடல் தளர்ந்தால், தேவையற்றதும் உள்ளே புகுந்துவிடும். ஒரு வேலையில் மட்டும் கவனம் வைக்க முடிகிற பலர், இரண்டு வேலைகள் சேர்ந்து வரும்போது தடுமாறுகிறார்கள். மருத்துவர் சொன்ன ஊர்க்கதை நினைவிருக்கும்; மாத்திரையை மாற்றச் சொன்னது நினைவிருக்காது.

ஆகவே, தரம் பிரிக்கும் வேலையில் பாதியைப் பேசுபவரே ஏற்றுக்கொள்வது நல்லது. முக்கியமான செய்தியை முதலில் சொல்ல வேண்டும். அப்போது தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு செய்தி போதும். கேட்டவரையே அதைத் திருப்பிச் சொல்லவைத்து, தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கலாம்.

லேசான அறிதிறன் குறைபாடு எல்லோருக்கும் டிமென்ஷியாவில் போய் முடிவதில்லை. சிலருக்கு அப்படியே நீடிக்கும்; சிலர் இயல்புக்குத் திரும்புவதும் உண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். காது மந்தமானாலும் கவனம் சிதறும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால், மாற்றம் தெரிந்த உடனே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி செய்யும்படி 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.