குறைமாதப் பிள்ளையும் தலைவிதியும்

 

தாய்மார்கள் அதிகமாகக் கூடியிருக்கும் இக்கூட்டத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டீர்கள். நாம் வைத்தியரல்ல. ஆனாலும், வைத்தியர் கண்டுபிடித்ததை எடுத்துச் சொல்லுவதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லையென்று எண்ணியே ஒப்புக்கொண்டோம்.

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று நம் வீடுகளில் ஒரு பேச்சுண்டு. இது நம் நாட்டுச் சொத்து மாத்திரமல்ல. கிரேக்க நாட்டுப் பழைய வைத்தியரும் இப்படியே எழுதி வைத்தார்கள். வயிற்றில் ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்த பிள்ளைக்கு உயிர் தரிக்கும் சக்தி எப்படிக் குறையும் என்று யாராவது கேட்டதுண்டா? பெரியவர்கள் சொன்னார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரமில்லை. பிள்ளை செத்தால் எட்டாம் மாதம் என்பது. பிழைத்தால் கணக்குத் தப்பு என்பது. இப்படிப்பட்ட சாஸ்திரம் எக்காலத்திலாவது பொய்யாகுமா?

நிற்க, குறைமாதப் பிள்ளை ஏன் சாகிறது? முக்கியமாக, மூச்சுவிட முடியாமல் சாகிறது. நுரையீரலின் சின்னஞ்சிறு அறைகள் ஒட்டிப் போகாமல் திறந்திருப்பதற்கு அவற்றின் உட்புறத்தில் ஒருவகைப் பூச்சு வேண்டும். அது கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு ஊறுகிறது. இந்தப் பூச்சின் குறைவே காரணமென்று 1959-ல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்ற அம்மையாரும் ஜியர் மீட் என்பவரும் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் வழி தெரியவில்லை. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் பிள்ளையே ஐந்து வாரத்துக்கு மேல் முந்திப் பிறந்து, இரண்டு நாளில் இந்நோயால் மாண்டது. அங்கே பணத்துக்குக் குறைவா, அதிகாரத்துக்குக் குறைவா? இல்லாதது அறிவு ஒன்றுதான்.

அந்த அறிவைத் தேடியவர்களில் ஒருவர் நியூஜிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில் மாதர் ஆஸ்பத்திரியில் இருந்த பேராசிரியர் கிரஹாம் லிக்கின்ஸ். குறைப்பிரசவத்தைத் தடுக்க வேண்டுமானால் பிரசவ வலியைத் துவக்குவது எது என்று முதலில் தெரிய வேண்டுமென்று அவர் செம்மறியாடுகளைக் கொண்டு ஆராய்ந்தார். துவக்குவது தாயல்ல, வயிற்றிலுள்ள குட்டியே என்று கண்டார். குட்டிக்குக் கார்ட்டிசால் என்ற சுரப்புப் பொருளைச் செலுத்தினால் ஆடு முந்தி ஈன்றது. சுமார் 150 நாள் இருக்க வேண்டிய குட்டியொன்று 117-ம் நாளில் பிறந்தது. செத்திருக்க வேண்டியது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! பின்பு அது இறந்ததும் அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் காற்றுப் புகுந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. தற்செயல் என்று தள்ளிவிடாமல், அம்மருந்து நுரையீரலை முந்திப் பக்குவப்படுத்துகிறதா என்று கேட்டார்.

கேட்டதோடு விடவில்லை. 1969 கடைசியில் ராஸ் ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து, குறைப்பிரசவம் நேரக்கூடிய தாய்மாருக்குச் சீட்டுக் குலுக்கினாற்போல் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்து ஊசியும் மற்றவர்களுக்கு வேறு ஊசியும் போட்டுச் சோதிக்கத் தொடங்கினார். 282 தாய்மாரின் கணக்கு 1972-ல் வெளிவந்தது. மருந்து பெறாதவர்களின் பிள்ளைகளில் பிறந்த சில நாளில் இறந்தது நூற்றுக்குப் 15. மருந்து பெற்றவர்களுடையதில் 3 சில்லறை.

இதைக் கேட்டதும் உலகத்து வைத்தியரெல்லாம் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! பல தேசங்களில் பல சோதனைகள் நடந்தும், தீங்கு வருமோ என்ற பயத்தாலும் பழைய வழக்கத்தாலும் பெரும்பாலோர் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் நிபுணர் குழு கூடி, கொடுக்கத்தான் வேண்டுமென்று சொன்னது 1994-ல். இடையில் 22 வருஷம்! அத்தனை வருஷத்தில் வீணாய்ப் போன பிள்ளைகளுக்கு யார் ஜவாப்தாரி? படித்தவர்களிடத்திலும் வழக்கம் என்னும் பேய் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதற்காக மருந்தையும் மந்திரம்போல் நம்பச் சொல்லவில்லை. ஆறு தேசங்களில் போதிய வசதியில்லாத இடங்களிலும் இதைப் பரப்பிப் பார்த்ததில், பிள்ளைச்சாவு குறையாமல் கொஞ்சம் கூடிற்றென்று 2015-ல் தெரிந்தது. இந்தியா உள்பட ஐந்து தேசங்களில், வாரக்கணக்கைச் சரியாய்ப் பார்த்து, கவனிப்புள்ள ஆஸ்பத்திரிகளில் கொடுத்தபோது சாவு குறைந்ததென்று 2020-ல் தெரிந்தது. ஆகவே மருந்தும் வேண்டும். கணக்கும் கவனிப்பும் வேண்டும்.

லிக்கின்ஸ் 2010-ல் காலமானார். குறைப்பிரசவத்தை அடியோடு தடுக்கும் வழி அவருக்கும் கிட்டவில்லை. 2020-ல் மாத்திரம் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தன.

தாய்மார்களே! அந்த ஊசி நன்றாய் வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். முந்தி வலி கண்டால் ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணியும் பிள்ளையின் மூச்சிலிருந்து எடுத்த மணியாகும். கர்ப்பமான நாள்முதல் வாரக்கணக்கைக் குறித்து வையுங்கள். வலி கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்களையும் போகச் சொல்லுங்கள்.