முடிவில்லாத பகா எண்கள்

உலு யாம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரக் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடியவர்கள் நம்மில் பலர். இன்று அந்தக் கொட்டைகளைக் கொண்டே ஒரு கணக்கைக் காண்போம்.

பன்னிரண்டு கொட்டைகளை, நிரைக்கு நான்காக மூன்று நிரை வைக்கலாம். நிரைக்கு ஆறாக இரண்டு நிரையும் வைக்கலாம். இன்னும் ஒன்றைச் சேர்த்துப் பதின்மூன்றாக்கிப் பாருங்கள். ஒரே நீண்ட வரிசையாக வைக்கலாமே தவிர, சமமான நிரைகளாகப் பிரிக்க முடியாது. இப்படி 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை அத்தகையவை. 1 இதில் சேராது.

இந்த எண்கள் எங்கேனும் முடிந்துவிடுமா? முடியா என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் காட்டினார். 2, 3, 5 ஆகிய மூன்றுதான் பகா எண்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பெருக்கினால் 30. ஒன்று கூட்டினால் 31. இதை அம்மூன்றில் எதனால் வகுத்தாலும் 1 மீதி நிற்கிறது. ஆகவே நம் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் இருந்தே தீர வேண்டும். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இதே கதைதான்.

இத்துறையில் நம்மவர் ஒருவரும் உழைத்தார். கல்லூரித் தேர்வில் தவறி, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன், 1913-இல் இங்கிலாந்து அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு முடிவு தவறாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என்பதை ரஷ்ய அறிஞர் செபிஷேவ் முன்பே நிறுவியிருந்தார். 1919-இல், நோயுற்றிருந்த காலத்தில், அதற்கு இரண்டே பக்கங்களில் எளிய நிறுவலை இராமானுசன் வெளியிட்டார்.

பெரிய பகா எண்களைத் தேட ஒரு வழி உண்டு. மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8; ஒன்று கழித்தால் 7, பகா எண். ஆனால் பதினோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் வரும் 2,047 பகா எண்ணன்று. அது 23-ஐ 89-ஆல் பெருக்கியது. எனவே ஒவ்வொன்றையும் சோதித்தே ஆக வேண்டும். 2024 அக்டோபரில், 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த எண் பகா எண்ணென்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்கரான லூக் டுராண்ட் கணினிகளைக் கொண்டு கண்ட அதில் 41,024,320 இலக்கங்கள்! விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் வாசித்தாலும் 474 நாள் கடந்துவிடும்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். இவ்வளவு பெரிய எண் வேலைக்கு வேண்டாம். ஆனால் சில நூறு இலக்கமுள்ள இரு பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு எளிது. பெருக்கிய பின் பிரித்தெடுப்பது மிகக் கடினம். வங்கிச் செய்திகளை மறைவாக அனுப்பும் முறைகளில் ஒன்று இதன்மேல் நிற்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கணக்கில் தவறினால் ஏசாதீர்கள். இராமானுசனும் தவறியவரே. இன்று மாலை பிள்ளையிடம் 91 கொட்டைகளைக் கொடுத்து, சம நிரைகளாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். விடையை நாங்கள் சொல்லப் போவதில்லை. பிள்ளையே உங்களுக்குச் சொல்லட்டும்.