பின்வரிசைக்கு விழும் ஏச்சு



யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கார்ப்பந்தயத் திடல் இல்லை. ஊர்காவற்றுறை வீதியில் மோட்டார் சைக்கிளை முறுக்குகிற பெடியளைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஆனாலும் ரொறன்ரோவில் அண்ணன், லண்டனில் மச்சான் என்று வாழும் ஊர் எங்கள் நாரந்தனை. போர்முலா வன் பந்தயம் கைபேசி வழியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பின்னாலேயே அதைப் பற்றிய ஏச்சும் வந்து சேர்கிறது. அந்த ஏச்சு யார் தலையில் விழுகிறது?

2021 டிசம்பர் 12, அபுதாபி. லூயிஸ் ஹமில்ரனும் மக்ஸ் வெர்ஸ்ரப்பனும் சரிசமப் புள்ளிகளோடு உலகப் பட்டத்துக்கு இறங்கிய நாள். 58 சுற்றுகளில் 53ஆவது சுற்று. ஹமில்ரன் முன்னால் தனியே போய்க்கொண்டிருக்கிறார். வெகு பின்னால், வில்லியம்ஸ் அணியின் நிக்கலஸ் லத்தீபி, மொன்றியலில் பிறந்த கனடாக்காரர், மிக் ஷூமாக்கரோடு இடத்துக்குப் போராடுகையில் கார் சறுக்கி மதிலில் மோதுகிறார். பந்தயத்தில் வழக்கமாக நடக்கிற சங்கதிதான். எல்லாரையும் மெதுவாக்கி ஒன்றுசேர்க்கும் பாதுகாப்புக் கார் வந்தது. ஹமில்ரன் சேர்த்துவைத்த இடைவெளி கரைந்தது. புது ரயர் பூட்டிய வெர்ஸ்ரப்பன் கடைசிச் சுற்றில் முந்திப் பட்டத்தைக் கொண்டுபோனார்.

பந்தயத்தை மீண்டும் தொடங்கிய விதத்தில்தான் வழக்கு. அதை முடிவுசெய்த பந்தய இயக்குநர் மைக்கல் மாசி பிறகு அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்; அவருக்கும் கொலைமிரட்டல் போனது. ஆனால் லத்தீபி செய்த குற்றம் என்ன? தனக்கு வந்த ஆயிரக்கணக்கான செய்திகளில் பெரும்பாலானவை ஆதரவானவை என்று அவரே எழுதினார். மிச்சத்துக்குள் இருந்த மிரட்டல்களால் லண்டனில் மெய்க்காவலர் வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. நூறு பேர் தட்டிக்கொடுத்தாலும் ஒருவன் கத்தியைக் காட்டினால் போதும், மனிதனுக்கு நித்திரை போய்விடும்.

ரசிகர்கள் அதோடு திருந்தினார்களா? 2025 நவம்பர் 30, கட்டார். 19 வயது கிமி அன்ரனெல்லி முடிவுக்குச் சற்றுமுன் ஓடுபாதையை விட்டு விலக, லாண்டோ நொறிஸ் முந்தினார். வேண்டுமென்றே வழிவிட்டதாக வெர்ஸ்ரப்பனின் அணியான ரெட் புல் தரப்பில் ஒரு வார்த்தை விழுந்தது. பிறகு அன்ரனெல்லிக்கு 1,100க்கு மேற்பட்ட வசைகள், அவற்றிலும் கொலைமிரட்டல். மறுநாள் ரெட் புல் வருத்தம் தெரிவித்தது. எய்த அம்பு திரும்புமா?

மேலிருப்பவர் வாயில் விழும் சொல்லைக் கீழே நிற்பவர் பெருக்குகிறார். எங்கள் தமிழ்ச் சாரதி நரேன் கார்த்திகேயனுக்கும் அது நடந்தது. 2012இல் மலேசியாவில் அவரோடு உரசிப் புள்ளியை இழந்த உலகச் சம்பியன் செபஸ்ரியன் வெற்றல், விரலை உயர்த்திக் காட்டி, அவரை வெள்ளரிக்காய்களோடு, அதாவது உதவாத சாரதிகளோடு, சேர்த்தார். கோயம்புத்தூர்க்காரர் சும்மா இருக்கவில்லை, அழுகுணிப் பிள்ளை என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நடுவர்கள் தண்டித்தது கார்த்திகேயனைத்தான் என்பதையும் சொல்லவேண்டும். தண்டனையோடு முடிந்திருக்கவேண்டிய விடயம் அது.

தமிழ் ரசிகர் பலர் பந்தயத்துக்கு வந்த வழி சினிமா. வரும்போது சினிமாச் சண்டையையும் கூட்டிவந்தார்கள். உயிரோடிருக்கும் நடிகர் விஜய்க்கு 2019இல் அஞ்சலி என்று ருவிற்றரில் ஓட்டியவர்கள், கார்ப்பந்தயம் ஓடும் நடிகர் அஜித்தின் ரசிகர்கள். அஜித் குமாரோ 2011இலேயே ரசிகர் மன்றங்களைக் கலைத்தவர். 2021இல் தன்னைத் ‘தல’ என்று அழைக்கவேண்டாம் என்றவர். 2025 ஜனவரியில் டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோதும், அஜித் வாழ்க, விஜய் வாழ்க என்று கத்துகிறவர்கள் தாங்கள் எப்போது வாழப்போகிறார்கள் என்றுதான் கேட்டார்.

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரித் திடலில் ஏச்சுப் பேச்சு இல்லையா? இருக்கிறது. எந்தச் சோடி மாடு முந்தியது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஏசுகிறவரின் முகம் தெரியும், தகப்பன் பெயர் தெரியும். அந்தக் கூச்சம் நாவை அடக்கும். கைபேசியில் அது இல்லை.

ஆகவே தம்பிமாரே, அடுத்த பந்தயத்தில் உங்கள் ஆள் தோற்றால், நடுவர் தீர்ப்பு வரும்வரை பொறுங்கள். சாரதியின் பக்கத்துக்குப் போய் அவரது தாயையும் தங்கையையும் இழுக்காதீர்கள். எழுதித்தான் தீரவேண்டும் என்றால், உங்கள் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதுங்கள்.