இயந்திரத்தைத் திறந்து பார்த்த பேராசிரியர்



நம் மூத்த தோழரின் நினைவு நாளில் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் இந்த அரங்கிலேயே இருக்கிறது. மேல்மலையனூர் பக்கத்து ஊர்களில் இருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஏறிப் போய்ப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். படித்து எந்த நாற்காலிக்குப் போவது, போய் உட்கார்ந்தபின் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகள் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனந்த் டெல்டும்ப்டேயின் வாழ்க்கை இரண்டையும் ஒன்றாகவே எதிர்கொண்டது.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ராஜூர் என்ற ஊரில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். நாக்பூர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1973இல் மெக்கானிக்கல் பட்டம் பெற்றார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தார். சைபர்நெடிக்ஸில் முனைவர் ஆனார். பாரத் பெட்ரோலியத்தில் செயல் இயக்குநர், பெட்ரோநெட் இந்தியாவில் நிர்வாக இயக்குநர் பதவிகளுக்குப் பின் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் மேலாண்மைப் பேராசிரியரானார். அதன்பின் கோவா மேலாண்மை நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வு கற்பித்தார். இதற்கிடையே சாதி பற்றி இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார்.

சைபர்நெடிக்ஸ் என்றால் ஒரு அமைப்பு தன்னைத்தானே எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று ஆராயும் துறை. நம் ஊர்க் கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜினில் கவர்னர் என்று ஒரு பாகம் உண்டு. ராஜ்பவன் கவர்னர் அல்ல! இன்ஜின் வேகம் கூடினால் அதிலுள்ள குண்டுகள் விரியும், டீசல் வரத்து குறையும், வேகம் பழைய நிலைக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் யாரும் வந்து கைவைக்க வேண்டியதில்லை. சாதியும் இப்படித்தான் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். தலித் குடும்பம் ஒன்று தலைநிமிர்ந்தால் ஊரே சேர்ந்து இறக்கிவிடப் பார்க்கிறது.

கயர்லாஞ்சியில் நடந்தது அதுதான். பண்டாரா மாவட்டத்தின் அந்த ஊரில் சொந்த நிலம் வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, உரிமையை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் சுரேகா போட்மாங்கே. 2006 செப்டம்பர் 29 அன்று அவரையும் மகள் பிரியங்காவையும் மகன்கள் ரோஷன், சுதிரையும் ஊர்க்கும்பல் கொன்றது. 2008இல் விசாரணை நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும் பொருந்தாது என்றது.

டெல்டும்ப்டே இந்தக் கொலையை ஒரு பொறியாளர் பழுதான இயந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பிரித்துப் பார்த்தார். காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை, அரசுத் தரப்பு வழக்கறிஞர், செய்தித்தாள் என ஒவ்வொரு கண்ணியையும் தொட்டார். நமக்குக் கசக்கும் உண்மை ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். அந்த வழக்கைக் கையாண்ட காவல்துறை, மருத்துவ அதிகாரிகளில் பலர் தலித்துகள். நம்மவர் நாற்காலியில் இருந்தும் நியாயம் கிடைக்கவில்லை.

அப்படியானால் நாற்காலி வேண்டாமா? வேண்டும். ஐ.ஐ.டி.களின் 6,043 ஆசிரியர்களில் தலித்துகள் 149 பேர், பழங்குடியினர் 21 பேர் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றிய அரசே கணக்குக் கொடுத்தது. இருவரும் சேர்ந்து நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுக்கு 2019இல் சட்டம் வந்தது. வந்த மறு ஆண்டே, ஐ.ஐ.டி.களுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று அரசு அமைத்த குழுவே பரிந்துரைத்தது. மேலே சொன்ன கவர்னர் அங்கேயும் வேலை செய்கிறது. ஆகவே எண்ணிக்கைக்கான போராட்டம் தொடரும். உட்கார்ந்தவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வியும் அதனோடு தொடர வேண்டும்.

டெல்டும்ப்டே தம் மக்களுக்குப் பதில் சொன்னார். விலையும் கொடுத்தார். எல்கார் பரிஷத் வழக்கில் ஊபா சட்டத்தின்கீழ், 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் பிறந்த நாளில், எழுபது வயதை நெருங்கும்போது சிறைக்குப் போனார். 2022 நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் பிணை வழங்கியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாளில் வெளியே வந்தார். இடையில் 31 மாதங்கள் போய்விட்டன.

மாணவர்களே, பி.இ.யோடு நின்றுவிடாதீர்கள். எம்.இ. படியுங்கள், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், ஆசிரியர் பணிக்குப் போட்டியிடுங்கள். அதோடு, நம் ஊரில் ஒரு வன்கொடுமை நடந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவு போட்டார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். மருத்துவ அறிக்கையைப் படியுங்கள், தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். லேப் நோட்டில் அளவுகளை எழுதும் அதே கவனம் போதும். எழுதிய நோட்டை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.