மேயர் தொடங்கின கடன் சங்கம்

ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த எனக்கு, ராய்ஃபைசன் எண்டால் தெருமுனையில் இருந்த வங்கியின்ர பேர் மட்டும்தான். அவர் ஒரு மேயராக இருந்தவர் எண்டது மேற்படிப்புக்கு வந்த பிறகுதான் தெரியும்.

1846-47 பஞ்சக் காலம். வையர்புஷ் பகுதிக்கு ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் மேயர். வசதியானவர்களிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கினார். பொது வெதுப்பகம் கட்டி, காசில்லாதவர்களுக்குப் பாணைக் கடனுக்குக் கொடுத்தார். நல்ல காரியம்தான், ஆனால் தர்மம். பிறகு ஹெடெஸ்டோர்ஃப் மேயராக இருந்தபோதும் பணக்காரர்களை நம்பித்தான் சங்கம் நடத்தினார். அவர்களின் ஆர்வம் மெல்ல வடிந்தது. அதனால் 1864இல் ஒழுங்கை மாற்றினார்: கடன் எடுக்கிறவரே அங்கத்தவர், நட்டம் வந்தால் எல்லாரும் பொறுப்பு. (அவரைத் தூக்கிப்பிடிக்க நான் வரேல்ல. யூதர்களைப் பற்றி அவர் சொன்னவை வெறுப்புப் பேச்சுத்தான்.)

இந்த ஏற்பாடு எங்கட பக்கமும் வந்தது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த நிக்கல்சனின் அறிக்கை 1895இலும் 1897இலும் சென்னையில் வெளியானது. 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் சட்டம் வந்தது. ஊரில் நாங்கள் காணுற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களின் வேர் இதுதான். ஆனால் வருகிற வழியில் மேயர் காணாமல் போயிட்டார். அவரின்ர இடத்தில் அரசாங்கத்தின் பதிவாளர் இருந்தார். சங்கம் மேலே பார்த்துக் கணக்குக் காட்டியது, உள்ளூராட்சி தன்பாட்டில் தெருவிளக்குப் போட்டது.

இதை ஏன் இங்க சொல்லுறன்? 2024இல் நாங்கள் ஒரு ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு மோட்டர் வாங்கக் காசு அனுப்பினம். ஒருத்தரின்ர சொந்தக் கணக்குக்குத்தான் அனுப்பினம். மோட்டர் வந்தது, படமும் வந்தது, ஏழு மாதத்தில் எரிஞ்சும் போச்சு. திருத்த ஆர் பொறுப்பு? சங்கத்திடம் நாங்கள் கேட்கவே இல்லை. பிரதேச சபையில் கேட்கத் தெரிவான உறுப்பினரும் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது.

இப்ப சபை இருக்கு. என்ர யோசனை: கிணற்றையும் குழாயையும் சபை தன்ர சொத்துப் பதிவில் ஏற்றிப் பராமரிப்பை ஏற்கட்டும். எங்கட காசு சங்கத்தில் சுழல்நிதியாக இருக்கட்டும். திருத்தச் செலவைச் சங்கம் கடனாகக் கொடுத்து, தண்ணீர் எடுக்கிற வீடுகளிடம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அறவிடலாம்.

கடன் எண்டதும் உங்கட முகம் சுருங்குறது தெரியுது. நியாயம்தான். வடக்கில் நுண்கடன் கம்பனிகள் பெண்களைப் படுத்தின பாடு எங்களுக்குத் தெரியும். கம்பனியில் கடன்காரிக்கு வாக்கில்லை. சங்கத்தில் வட்டியைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் அவளுக்கும் ஒரு வாக்கு. அந்தக் கூட்டம் ஒழுங்காக நடக்குதா எண்டதைத்தான் முதலில் விசாரிக்க வேணும். சங்கத்துக்கும் சபைக்கும் இரண்டு கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். இரவைக்கு வாசிச்சுத் திருத்தித் தாங்கோ.